பிராக்கில் மைனஸ் இரண்டு டிகிரி, வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ்

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, மாலை 6:10. மியான்மரின் யாங்கோன் விமான நிலையத்தில் நான்கு பேர், மூன்று பெட்டி, ஒரு மடக்குத் தள்ளுவண்டி. நான், மனைவி சண்டா, ஐந்தரை வயது மகள் நிலா, மூன்றரை வயது மகன் அருள். போன இடம் செக் நாட்டின் பிராக்.

குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு ஐரோப்பாவா என்று கேட்காத உறவினர் இல்லை. காரணம் எளிது. ஜூனில் நிலா பள்ளியில் சேர்கிறாள். பிறகு நினைத்தபோது கிளம்ப முடியாது. நான் ஜெனரேட்டர் எஞ்சினியர். யாங்கோனில் வெயில் ஏறி, கரண்ட் போகத் தொடங்கிவிட்டால் எனக்கு லீவு என்ற பேச்சே இல்லை. ஆகவே டிசம்பர். ஏன் பிராக்? அங்கே அறுநூறு வருடமாக ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

யாங்கோன் – பாங்காக் – தோஹா – பிராக். யாங்கோனின் லான்மடாவ் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பிராக்கில் தங்குமிடக் கதவைத் திறந்தது வரை 27 மணி நேரம். நான்கு டிக்கெட்டுக்கு 4,150 டாலர். மூன்றரை வயதுக்கும் தனி இருக்கைதான். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கனவு காணாதீர்கள். விசாவுக்கு ஏழு வாரம் ஆனது. குளிர் உடைகளைப் புதிதாக வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். லான்மடாவ் பழைய துணிக் கடைகளில் நான்கு பேருக்கும் ஜாக்கெட் எடுத்துவிட்டோம். பூட்ஸ் மட்டும் பிராக்கில் வாங்குங்கள். நம் ஊரில் கிடைப்பது மழைக்குத்தான் லாயக்கு.

தங்கியது நான்காவது மாடியில், பழைய நகரத்திலிருந்து 1.4 கிலோமீட்டர். லிஃப்ட் இருந்தது. நிலா ஏற மறுத்தாள். கரண்ட் போனால் உள்ளேயே மாட்டிக்கொள்வோமாம். இங்கே போகாது என்று சொன்னேன். "போகாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஜெனரேட்டர்காரன் மகள். முதல் இரண்டு நாள் நான்கு மாடியும் நடந்துதான் ஏறினோம்.

மூன்றாம் நாள், திங்கள்கிழமை. காலை மைனஸ் இரண்டு. முந்தின நாள் பனி பெய்திருந்தது. பகல் பதினொரு மணிக்குக் கடிகாரத்தின் பொம்மைகள் வெளியே வரும். அதற்குப் பத்து நிமிடம் முன்பாவது சதுக்கத்தில் நிற்கவேண்டும் என்பது என் கணக்கு. வழியில் சண்டா கையுறை வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சரி என்றேன். மணி 10:41. வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டே ஃபோன் வரைபடத்தைப் பார்த்து நடந்தேன். சதுக்கத்தை அடைந்தபோது 10:49. நல்ல இடம் கிடைத்தது. அருளைத் தோளில் தூக்கிக்கொள்ளத் திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

ஒரு நிமிடம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி உருண்டையாக, தொப்பியோடு இருந்தார்கள். பெயர் சொல்லிக் கத்தினேன். பிறகு வந்த வழியே ஓடினேன். பாதி வழியில் சண்டா புதுக் கையுறைகளோடு எதிரே வந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இரண்டு பக்கமும் பார்த்தாள். பர்மிய மொழியில் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "எங்கே?"

அந்தத் தெருவிலிருந்து மூன்று சந்துகள் பிரிகின்றன. நான் இரண்டில் ஓடினேன், அவள் ஒன்றில். பனியில் கால் தடம் பார்க்கலாம் என்றால் அங்கே நூறு பேர் நடந்திருக்கிறார்கள். மணியடிக்கும் சத்தம் கேட்டது. பதினொன்று. அப்போது சண்டா என் பெயரைக் கூப்பிட்டாள்.

அவள் நின்றது ஒரு சின்ன தேவாலயத்தின் முன்னால். படியில், பனியின் மேல், இரண்டு ஜோடி பூட்ஸ். ஒழுங்காக, மூக்கு வெளியே பார்க்க வைத்திருந்தது. உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. அருளின் பூட்ஸில் யாரோ பிச்சை என்று நினைத்து ஐந்து கொருனா நாணயம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

யாங்கோன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் ஊரில் புத்தர் கோயிலைப் பயா என்போம். பயா வாசலிலேயே செருப்பு மட்டுமில்லை, சாக்ஸையும் கழற்றவேண்டும். வெறுங்கால்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு இது பழக்கம்.

அந்தப் பதற்றத்திலும் சண்டா வாசலில் தன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஓடினாள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. அப்படியே ஓடினேன்.

உள்ளே மெழுகுவர்த்தி விற்கும் மேசைக்குப் பின்னால் ஒரு பெண்மணி. அவர் காலடியில் சின்ன மின்சார ஹீட்டர். அதன் முன்னால் இருவரும் அவருடைய கோட்டுக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நாலு கால்களும் செக்கச் செவேல். சண்டா ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். அருள் கூசிச் சிரித்தான்.

நிலா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "அப்பா, பயாக்குள்ள ஷூவோட வந்துட்டீங்க."

ஏன் சொல்லாமல் போனாய் என்று அதட்டினேன். சொன்னாளாம். மணி ஓசை கேட்டு, இது பயாவா என்று இரண்டு தடவை கேட்டாளாம். நான் ஆமாம் ஆமாம், வா என்றேனாம். எனக்கு நினைவே இல்லை. சொல்லியிருப்பேன். யார் என்ன கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்கிறேன். தம்பியின் பூட்ஸ் நாடாவை அவள்தான் அவிழ்த்தாள். அவள் முடிப்பதற்குள் நான் தெருமுனை தாண்டிவிட்டேன்.

அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலம் வராது. நான் கைகூப்பினேன். அவர் பிள்ளைகளின் காலைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, தலையை ஆட்டினார். புரிந்தது.

டிராமில் ஏறினோம். சண்டா கோபமே இல்லாமல், என் பெயருக்கு முன் வழக்கமாகச் சேர்க்கும் பர்மிய மரியாதைச் சொல் 'கோ'வோடு சொன்னாள்: "கோ செல்வா, நீங்க எங்களைக் கூட்டிட்டு வரல. நீங்க போறீங்க, நாங்க பின்னாடி வர்றோம்."

எட்டு நிமிடம், ஏறத்தாழ அறுநூறு மீட்டர், ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி மூன்று நாளும் திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு முழுக் காலை ஆற்றங்கரையில் அன்னங்களைப் பார்த்தே போனது. அருளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பயணத்திலேயே நல்ல நாள் அதுதான்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். நம் ஊரில் கன்னத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அந்தக் குளிரில் பூசாதீர்கள், கன்னம் வெடிக்கும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். தேவாலயத்துக்குள் ஷூவோடு போகலாம் என்று விமானத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. தேவாலயத்துக்கு ஒரு படம் அனுப்புவது. நிலா வரைந்துவிட்டாள்: ஹீட்டர், எட்டுப் பிஸ்கட், நான்கு கால்.
2. பிள்ளைகளின் ஜாக்கெட் பையில் எங்கள் ஃபோன் எண் எழுதிய அட்டை வைப்பது. போகும் முன்பே செய்திருக்க வேண்டும்.
3. கேட்ட கேள்வி காதில் விழாமல் ஆமாம் சொல்வதை நிறுத்துவது. சண்டா நம்பவில்லை.
4. வீட்டிலிருந்து சூலே பயாவுக்கு எனக்கு 22 நிமிடம். அருளுக்கு எவ்வளவு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னால் நடந்து பார்க்கவேண்டும்.