ஒன்றில் விழாத எண்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காய்ந்த போர்வையை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை.

"ஆறு," என்றார் அப்பா.

"மூணு, பத்து, அஞ்சு, பதினாறு, எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. இழுத்துப் பிடிங்கப்பா, தரையில படுது."

விதி எளிது. இரட்டைப்படை எண் என்றால் பாதியாக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், பார்த்தவரை எல்லா எண்ணும் ஒன்றில் வந்து விழுகிறது. எப்போதும் விழுமா? யாரும் நிரூபிக்கவில்லை. விழாத எண்ணையும் யாரும் காட்டவில்லை. கணினி வேலையில் இருக்கும் மகள்தான் பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லிவைத்தாள்.

அப்பா பிடித்துக்கொண்டார். அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். ஜன்னல் கிடையாது, ஒரு முக்காலி, தலைக்கு மேல் கடகடக்கும் விசிறி. ஏறுகிறவர்களிடம் வண்டி நம்பர் கேட்டு, மாடி வருவதற்குள் கணக்கை ஓட்டுவார்.

"பெரியவரே, என் மாடி போயிடுச்சு!"

"எவ்வளவு மேல போனாலும் கீழ வந்துதானே சார் ஆகணும்."

வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுக்கு வந்த எண்ணுக்கும் விடுதலை இல்லை. நாலு, இரண்டு, ஒன்று, மறுபடி நாலு. அம்மா போனபின் அவருக்கும் அப்படித்தான். முக்காலி, பஸ், கட்டில், மறுபடி முக்காலி.

"வேலைய விட்டுட்டு என்கூட வந்துடுங்கப்பா."

"ஒண்ணுல விழாத நம்பரைக் கண்டுபிடி. அன்னிக்கே கிளம்புறேன்."

"யாராலயும் முடியலைன்னு தெரிஞ்சே கேக்குறீங்க."

"பெரிய படிப்பு படிச்சவதானே? தேடு."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளால் விட முடியவில்லை. நிரல் எழுதி ஓடவிட்டாள். எல்லாம் விழுந்தன. இன்னும் பெரிய எண்கள் கொடுத்தாள். அவையும் விழுந்தன.

போர்வை மடித்த அன்றும் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். "நம்பர் கிடைச்சுதா?" என்று மடித்ததை அவள் கையில் வைத்தார். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் லிஃப்ட் கதவு திறந்தபோது அவர் மாடி கேட்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின், அவருடைய போன் அடித்தது. மகள் எடுத்தாள். பை தைக்கும் கடைக்காரர்.

"என்ன சார், ஆளையே காணோம்? சூட்கேஸுக்குப் புது ஜிப் போட்டாச்சு. பொண்ணு வீட்டோட போறேன், சீக்கிரம் வேணும்னு பறந்தீங்களே!"

அவள் மடிக்கணினியில் நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹலோ, சார்? எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?"