டிரா ஆனால் போதும்

புதுக்கோட்டையில் நடந்த பெண்கள் கால்பந்துப் போட்டியை உலகக் கோப்பை மாதிரியே நடத்தப்போவதாகப் பெருமையடித்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் நான்கு அணிகள், வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று, முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு. எல்லாம் சரிதான். ஆனால் உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைப்பார்கள், யாரும் கணக்குப் பார்த்து ஆடிவிடக் கூடாதென்று. இங்கே இருந்ததோ ஒரே மைதானம். ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று.

எங்கள் அரிமளம் அணி மூன்று ஆட்டங்களையும் முடித்து நான்கு புள்ளியில் நின்றது. கடைசியாக மோத இருந்த இரண்டு அணிகளுக்கும் அதே நான்கு. அதில் யார் தோற்றாலும், கோல் வித்தியாசத்தில் நாங்கள் உள்ளே. டிரா ஆனால் அவர்கள் இருவருக்கும் ஐந்து, நாங்கள் வெளியே. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்த இரண்டு அணிகளில் ஒன்றில் என் உயிர்த்தோழி ஆடினாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் பந்து உதைத்தவர்கள் நாங்கள். கல்லூரிதான் பிரித்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"டிரா மட்டும் ஆக்கிராதடி."

"லூசாடி நீ? ஜெயிக்கத்தானே எறங்குறோம். அங்கிட்டு நெழல்ல போய் உக்காரு."

உட்கார்ந்தேன், பைத்தியக்காரி மாதிரி நம்பி. இடைவேளை வரை ஒழுங்காகத்தான் ஆடினார்கள். அதற்கப்புறம் இரண்டு அணியும் அவரவர் பாதியிலேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. கூட்டம் ஊளையிட்டது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தடுக்கி விழ, பந்து என் தோழியின் காலுக்கு வந்தது. முன்னால் கோல்கீப்பர் மட்டும். "அடிடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பந்தைப் பின்னால் தன் ஆட்களுக்கே தட்டிவிட்டாள்.

விசில் ஊதினார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எங்களைத் தோற்கடித்தவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். அவளுடைய ஒரு பூட்ஸ் வாய் பிளந்திருந்தது.

"கோவிச்சுக்காதடி. கோச் சொன்னாரு, நான் என்ன செய்ய? செமிக்கு ஒன் பூட்ஸக் குடேன். ஒனக்குத்தான் இனிமே வேலையில்லையே."

"அடிப்பாவி!" என்று ஒன்றைக் கழற்றி அவள் மேலேயே விட்டெறிந்தேன். குனிந்து எடுத்துக்கொண்டாள். மற்றதற்கும் கையை நீட்டினாள்.