மாமனாரின் காரும் முனுசாமியின் கைகளும்

இன்று காலை மாமனாரின் பழைய காரில் பெரியபாளையம் கோயிலுக்குப் போனோம். ஐம்பதுகளில் வந்த கார். நாளை சென்னையில் பழைய கார்களின் கண்காட்சி, அதற்கு முன் ஒரு பூஜை.

என்ஜின் பளபளவென்று தெரிய வேண்டும் என்று அதை மறைக்கும் ஏர் ஃபில்டரை மாமனார் கழற்றி வைத்திருந்தார்.

பூஜை முடிந்ததும் டிரைவர் முனுசாமி கெஞ்சினார்.

"ஐயா, ஃபில்டர் மாட்டிக்கினு ஸ்டார்ட் பண்ணலாம். பேக்ஃபயர் அடிச்சா கார்புரேட்டர் வழியா நெருப்பு வெளிய வந்துடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? தள்ளி நில்லு!"

மாமனாரே சாவியைத் திருப்பினார். டமால் என்று ஒரு சத்தம். திறந்திருந்த பானெட்டுக்குள் தீ எழுந்தது.

முனுசாமி சட்டையைக் கழற்றி கார்புரேட்டரின் வாயை அழுத்தி மூடினார். தீ அணைந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்துவிட்டன.

மாமனார் இறங்கி வந்து குனிந்து பார்த்தார், காரை.

"யோவ், சட்டை பட்டன் உரசி பெயிண்ட்ல கோடு வுழுந்துக்குது பாரு!"

நான் முனுசாமியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

கட்டுப் போடும்போதே மாமனாரின் போன் வந்தது.

"மாப்ளே, நாளைக்குள்ள அவன் கை சரியாயிடுமா? வண்டி யாரு ஓட்டறது?"

போனை முனுசாமியின் காதருகே பிடித்தேன்.

"நான் இனிமே வரல, ஐயா. வேற ஆளப் பாத்துக்கோங்க."

இப்போது மாமனார் என்னை ஓட்டச் சொல்கிறார். அவரிடம் சொல்ல நம்பும்படியான பொய் ஏதாவது இருந்தால் உடனே எழுதுங்கள்.