சாவியை எடுத்தும் நிற்காத ஜீப்

அந்தப் பட்டறையில் எஞ்சின் கணவர் பொறுப்பு, ஒயர் மனைவி பொறுப்பு. கல்யாணமான இரண்டாம் வருஷமே இப்படிப் பாகம் பிரிந்துவிட்டது.

பழைய பெட்ரோல் ஜீப்புக்கும் வேனுக்கும் டீசல் எஞ்சின் மாற்றிக் கொடுப்பது மெக்கானிக்கின் தொழில். டீசல் எஞ்சின் நீளம் கூடுதல். உள்ளே இறக்கினால் அதன் மூக்கு ரேடியேட்டரை முட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறிக்கு இடம் இருக்காது. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மின்விசிறியை மாட்டி, டாஷ்போர்டில் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவர்தான் ஞாபகமாகப் போட வேண்டும். ஒருநாள் பேக்கரி வேன்காரர் ஆவி பறக்க வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"சுவிட்சைப் போட்டீங்களா?"

"எந்த சுவிட்ச்?"

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடைக்காரர். பள்ளிக்கூடம் விட்டால் அவளுக்கு அந்தக் கடைதான் வீடு.

"ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து ஆன் ஆஃப் பண்றாங்களா? அதுவா சூடு பாத்துப் போட்டுக்குது. இதுக்கும் அப்படி ஒண்ணு வைங்களேன்."

"வெக்கலாம். யாரு வெக்கறது?"

"ஏன், நான் இல்லையா?"

அன்றிலிருந்து அவள் 'ஒயரம்மா'. சூடு ஏறினால் விசிறியைத் தானே போடும் சூட்டு சுவிட்சில் தொண்ணூற்றிரண்டு டிகிரி என்று அச்சடித்திருந்தால் அவள் நம்பமாட்டாள். வீட்டு அடுப்பில் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, சுவிட்சைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியும் ஒரு சின்ன பல்பும் வைத்துப் பார்ப்பாள். பல்பு எரியும் டிகிரியை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, சுவிட்சிலேயே கட்டிவிடுவாள். மாமியார் எட்டிப் பார்த்து, "உப்பு போட்டியா?" என்பார்.

பதினாறு வருஷம் இப்படி நல்லபடியாக ஓடியது. பிறகுதான் கணக்கு டீச்சரின் ஜீப் வந்தது.

டீச்சர் ஓய்வு பெற்றவர். ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றி நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. மகள் மேட்டுப் பகுதிக்குக் குடிபோன பிறகு தொல்லை ஆரம்பித்தது.

"சாவியை எடுத்துக் கையில வெச்சிருக்கேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடுது. அஞ்சு செகண்டு கழிச்சு நிக்குது. பேரன் பேய்ங்கறான்."

பட்டறையில் பத்து தடவை போட்டுப் பார்த்தார்கள். பத்து தடவையும் சாவியைத் திருப்பிய உடனே நின்றது. சாவி போட்டால் கரண்டில் திறந்து டீசலை விடுவதும், எடுத்தால் மூடிக்கொள்வதும் ஒரு சின்ன வால்வு. அதுதான் சிக்குகிறது என்று மெக்கானிக் புதுசு மாட்டினார். ஜீப் திரும்பி வந்தது. இன்னொன்று மாட்டினார். மறுபடி வந்தது. அன்று மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தொழிலே மறந்துபோச்சும்மா," என்றார்.

அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய், பட்டறை வாசலில் காத்திருந்த டீச்சரிடம், "எப்பெப்ப நிக்கலைனு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஞாபகம் எதுக்கு?" என்று டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தேதி, நேரம், இடம், எத்தனை செகண்டு, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பிக் கடைவீதியில் நிறுத்தினால் ஒருமுறைகூட இல்லை. மேடு ஏறி மகள் வீட்டு வாசலில் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும்.

மேடு ஏறினால் எஞ்சின் சூடாகும். சூடானால் விசிறி ஓடும். அந்த விசிறிக்கு ஒயர் போட்டது ஒயரம்மா.

அந்த ஜீப்புக்கு அவள் ஒயர் போட்ட வாரம் அவளுடைய மகளுக்கு அம்மை போட்டிருந்தது. விசிறிக்குத் தனியாகக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே கையில் இல்லை. சின்ன விசிறிதானே, சூட்டு சுவிட்சே தாங்கும் என்று, சாவியிலிருந்து வால்வுக்குப் போகும் அதே ஒயரில் விசிறியையும் சேர்த்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருந்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

"என்னங்க, உங்க வால்வு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது."

"எனக்காகச் சொல்லாதே."

அவள் ஒரு அட்டையால் ரேடியேட்டரை மறைத்து எஞ்சினை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்றத் தொடங்கியது. சாவியை எடுத்தாள். எஞ்சின் ஓடியது, ஒன்று, இரண்டு, ஐந்து எண்ணி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து, விசிறி சுற்றும்போது அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சாவியை எடுத்தாள். பட்டென்று நின்றது.

"கரண்டை நிறுத்தினாலும் விசிறி வேகத்துல சுத்திட்டே இருக்குதில்ல? சுத்தறப்போ அதுவே கொஞ்சம் கரண்டு உண்டாக்குது. அது அதே ஒயர் வழியா உங்க வால்வுக்குப் போய், மூடவிடாம பிடிச்சு வெச்சிருக்குது."

மெக்கானிக் விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு வால்வைக் கழட்டிக் குப்பையில போட்டேனே, அதுங்ககிட்ட யாரு மன்னிப்பு கேக்கறது?"

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக விசிறிக்குத் தனி ஒயர் இழுத்தாள். சாவியை எடுத்தால் ரிலே விசிறியின் இணைப்பைத் துண்டித்துவிடும். விசிறிக்கும் வால்வுக்கும் அப்புறம் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"டீச்சர்கிட்ட வால்வுனே சொல்லிடலாமே," என்றார் அவர் மெல்ல.

"அவங்க திருப்பிக் கேட்டா நான் முழிப்பேன்."

உள்ளதைச் சொன்னாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வரைஞ்சு காட்டு," என்றார். அதே அட்டையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். அவர் விரலை வைத்து ஒயர் ஒயராகப் போய்வந்து, "சரியா வருது," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மகள் வீட்டு வாசலிலிருந்தே போன் செய்தார். ஜீப் ஒழுங்காக நிற்கிறதாம், பேரனுக்குத்தான் வருத்தமாம்.

அம்மை போட்ட அந்த வாரம் இன்னொரு வண்டிக்கும் அவள் அப்படியே ஒயர் போட்டிருந்தாள். பெயிண்ட் கான்ட்ராக்டரின் வேன். சாவியை எடுத்தும் ஓடுகிறதா என்று போனில் கேட்டு, உடனே வரச் சொன்னாள்.

"அது பழுதாம்மா?" என்றார் கான்ட்ராக்டர் ஆச்சரியமாக. "டீசல் வண்டின்னா அப்படித்தான்னு நெனச்சேன். கெளம்பறேன் கெளம்பறேன்னுட்டு வாசல்ல நின்னு பேசற விருந்தாளி மாதிரி."

ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தாள். அவர் மூன்று தடவை போட்டு எடுத்துப் பார்த்தார்.

"இப்ப சட்டுனு நின்னுடுதே," என்றார், ஏதோ குறைந்துவிட்ட மாதிரி.

பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது. ஒயரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டாள்.