குடை டீச்சரின் பதிவேடு

எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்குக் குடை டீச்சர் கடல் கடந்து வந்து பதினெட்டு வருஷம். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். பிள்ளைகள் அவருக்காக உயிரை விடுவார்கள். ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு மட்டும் அந்த அம்மாவைக் கண்டால் ஆகாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நானில்லை.

பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் காலையில் பென்சிலால்தான் குறிப்பார். சாயங்காலம் பதிவேட்டோடு வராத பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய், காரணம் கேட்ட பிறகே மையால் எழுதுவார். நல்ல காலத்தில் அதற்குப் பெயர் அக்கறை. ஊரடங்கும் ஊர்வலமுமாக ஊரே கொதித்துக் கிடந்த அந்த மாதத்தில்? எந்த வீட்டில் யார் இல்லை என்று ஒரு வெளிநாட்டுக்காரிக்கு எதற்குத் தெரியவேண்டும்? போதாக்குறைக்கு, ராணுவ ஜீப் இரண்டு தடவை அவர் வாசலில் நின்றதை நானே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் ஒரு சிப்பாய்க்கு மண்டை உடைந்தது. அன்று பத்தாம் வகுப்பில் பதினோரு பேர் வரவில்லை. அதில் என் மகளும் ஒருத்தி; பள்ளிக்கூடம் போகிறேன் என்று எனக்கே காது குத்தியிருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களை ராணுவத்தார் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு ஓடினால், இப்போதுதான் குடை டீச்சர் பதிவேட்டோடு வந்துவிட்டுப் போகிறார் என்றார் எதிர்வீட்டுக்காரர். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கன்னத்தில் ஒன்று விட்டு, அறையில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலை அவர் வருமுன் ஆபீஸ் அலமாரியைத் திறந்து, ராத்திரியே அவர் திருப்பி வைத்திருந்த பதிவேட்டைப் பள்ளி விடுதி அடுப்பில் போட்டேன். பிரித்துப் பார்க்கத் தைரியமில்லை.

பத்து மணிக்கு ராணுவ அதிகாரி வந்தார். பதிவேட்டைக் கேட்டார்; காணோம் என்றதும் தேடச் சொன்னார். அடுப்புச் சாம்பலில் கருகிய அட்டை கிடைத்தது. யார் எரித்தது என்று கேட்டார். என் சட்டைக் கையில் கரி ஒட்டியிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நான்தான் எரிச்சேன்," என்றார்.

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள், இது என்ன புது நாடகம் என்றுதான் தோன்றியது. குடையைக்கூட எடுக்கவிடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த வாரமே நாட்டை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

சேதி கேட்டு மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அன்னைக்கு நம்ம வீட்டுல உக்காந்துதாம்பா நாப்பத்திரண்டு பேரும் வந்ததா மையால எழுதினாங்க. பொய் எழுதுறது இதான் முதல் தடவைன்னு சொன்னாங்க. அதைக் காட்டியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. அதைப் போய் யாருப்பா எரிச்சது?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்.

"நான்தான் எரிச்சேன்னு அவங்களே சொன்னாங்களேம்மா," என்றேன்.