ஒரே தொட்டியில விடலாமா?

வண்ணமீன் கடை வெச்சவ தலையில ஒரே கேள்விதான் எழுதியிருக்கும்: "கோல்டு ஃபிஷ்ஷயும் மத்த மீனையும் ஒண்ணா விடலாமாங்க?" கூடாதுங்க. கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஜில்லுனு தண்ணி வேணும், மத்ததுங்களுக்கு வெதுவெதுன்னு வேணும். இது ஆடி அசைஞ்சி நீந்தும். அதுங்கள்ல சிலது வாலைக் கடிச்சே கொன்னுடும். திருத்தணியில கடை போட்ட நாள்லேர்ந்து சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்திப்போச்சு. கோழிக்குஞ்சோ நாய்க்குட்டியோ, உயிருள்ள சரக்கு விக்கறவங்களே, உங்க பாடும் இதேதானே?

வால்

அரக்கோணத்துலேர்ந்து ரயில்வேக்காரர் ஒருத்தர் வந்தார். கோல்டு ஃபிஷ் வாங்கினார், கூடவே டைகர் பார்ப்பும் கேட்டார். கோடு போட்ட சின்ன மீன்தான், ஆனா சரியான ரௌடி. வேணாம் சார்னேன். நான் பாத்துக்கறேன்னு வாங்கிகினு போனார்.

அடுத்த வாரமே செல்லுல போட்டோ காட்டினார். கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பாதி வாலைக் காணோம். தனியா எடுத்து விடுங்க சார், செத்துடும்னு கத்தினேன். மனுஷன் அசரவே இல்ல: "வால் போனா இன்னாம்மா, நீந்திகினுதானே இருக்குது?"

ஹீட்டர்

வளக்கற மீன், வீட்டுக்கு வர்ற கெட்டதைத் தன்மேல வாங்கிகினு செத்துடும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. ஆர்.கே.பேட்டை ரோட்ல புதுசா வீடு கட்டின ஒரு அம்மா, ஏஞ்சல் மீனுக்குக் குளுருதுன்னு மார்கழியில ஹீட்டர் போட்டாங்க. அதே தொட்டியில கோல்டு ஃபிஷ். நம்ம ஊர் வெயில்லயே அது மூச்சுக்குத் தவிக்கும், இதுல ஹீட்டர் வேறயா? செத்துப்போச்சு. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நான் முந்தானையை இழுத்துச் சொருவிகினு நின்னா, அந்தம்மா மூஞ்சி முழுக்க சிரிப்பு: "எங்க வீட்டு மேல இருந்த கண்ணு பூரா அது எடுத்துகினு போயிடுச்சு, அதே மாதிரி இன்னொண்ணு குடு."

கேட்டு வாங்கினவர்

அம்மையார்குப்பத்துலேர்ந்து தறி ஓட்டற தம்பி ஒருத்தர் வந்தார். கோல்டு ஃபிஷ்ஷயும் டைகர் பார்ப்பையும் ஒண்ணா விடலாமாக்கான்னார். என் பாட்டை ஆரம்பிச்சேன். ஒரு வார்த்தை விடாம கேட்டார். இவராச்சும் காது குடுத்தாரேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். முடிச்சதும், "அப்போ நிச்சயமா செத்துடுமா?"ன்னார். ஆமான்னேன். "அப்போ ரெண்டையும் குடுங்க."

அப்பறம்தான் விஷயத்தைச் சொன்னார். சம்சாரம் ஆஸ்பத்திரியில, கல்லீரல் கெட்டுப்போயி. டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. வீட்ல மீன் செத்தா அவ பொழச்சிக்குவான்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பின்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அந்தக் கண்ணைப் பாத்ததும் வலையைத்தான் எடுத்தேன். தொட்டியில விட்டு, இருக்கறதுலயே சோர்ந்துபோன கோல்டு ஃபிஷ்ஷா ஒண்ணைத் தேடினேன். அவர் கிட்ட வந்து மெதுவா சொன்னார்: "இழுத்துகினு கெடக்கறது வேணாங்கா, சீக்கிரம் போறதா குடுங்க."

மொட்டை

கிருத்திகை அன்னைக்கு ஊரெல்லாம் மொட்டைத் தலைதான். மலையில முடி எறக்கிட்டு, தலையில சந்தனத்தைப் பூசிகினு குடும்பம் குடும்பமா வந்துகினு இருந்தாங்க. அந்தக் கூட்டத்துலேர்ந்து தறிக்காரத் தம்பி, அவரும் மொட்டையோட, என் கடைக்குள்ள வர்றார். அப்பாடா, வேண்டுதல் பலிச்சிடுச்சு, முருகா! சம்சாரம் எங்க தம்பின்னு வாயெல்லாம் பல்லா கேட்டுட்டேன். பாவி நான். கிட்ட வந்தப்பறம்தான் பாத்தேன், தலையில சந்தனம் இல்ல.

கையில தூக்கு. உள்ள அந்த கோல்டு ஃபிஷ், வால் மொத்தமும் போயி, சாஞ்சி சாஞ்சி நீந்திகினு இருந்துச்சு. எனக்கு அழுகை பொத்துகினு வந்துச்சு. அவர் அழல. தூக்கை மேசை மேல வெச்சார்: "அவ போயிட்டாக்கா, இது போவல, வீட்ல வெச்சி என்னால பாக்க முடியல."

இப்பல்லாம் யாராச்சும் ஒண்ணா விடலாமான்னு கேட்டா, கூடாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்களான்னு கேட்டுடறேன், மீன் கடைக்காரிக்கு அதெல்லாம் எதுக்குன்னு அவங்களும் மொறைச்சிகினு போறாங்க.