புலியைச் சுட்ட துப்பாக்கி

வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கியோடு வருகிறவர்கள் முதலில் துப்பாக்கியைக் காட்ட மாட்டார்கள், தாத்தாவைத்தான் காட்டுவார்கள். தஞ்சாவூரில் துப்பாக்கி ரிப்பேர் கடை நடத்திய காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன்.

நீடாமங்கலம் பக்கத்து மிராசுதார் ராமலிங்கம் கொண்டுவந்தது பழைய ஃப்ளின்ட்லாக். விசையை அமுக்கினால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, கிண்ணத்து மருந்தில் பொறி விழும், அந்தத் தீ ஒரு துளை வழியே பேரலுக்குள் போய் அங்கே இருக்கிற மருந்தை வெடிக்க வைக்கும். கட்டையைச் செல் அரித்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்து, கல்லும் மழுங்கியிருந்தது. ஆயுத பூஜை தவறாததால் பேரல் மட்டும் பளபளவென்று குங்குமத்தோடு இருந்தது. கூடவே அவர் மகனும், மகனுக்கு நிச்சயித்த பெண்ணும் வந்திருந்தார்கள்.

"எங்க தாத்தா புலி சுட்டதுங்க இது. அதுக்கப்புறம் யாரும் சுடல," என்றார் ராமலிங்கம்.

நெல் வயலுக்கு நடுவே புலி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் புலியோடு மல்லுக்கு நின்றால் கடை நடத்த முடியாது.

"கல்யாண வீடியோவுக்குங்க. பொண்ணப் பாத்து இவன் குறி வைக்கணும், பொறி பறக்கணும். கிண்ணத்துல பட்டாசு மருந்து வச்சா புகையும் வரும்னு வீடியோக்காரர் சொல்றாரு."

"நேத்தே மருந்து வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்தேன் சார். பொறியே வரல," என்று மகன் குறைப்பட்டான்.

வேலையைத் தொடங்குமுன், பழக்கதோஷத்தில் பேரலுக்குள் கம்பியை விட்டு அளந்தேன். மருந்துத் துளை வரை போக வேண்டிய கம்பி நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"உள்ள லோடு இருக்குங்க, போட்ட மருந்து வெடிக்காம அப்படியே கெடக்கு," என்றேன்.

துளை வழியே தண்ணீர் விட்டு ஊறவைத்து, திருகுகம்பியால் இழுத்தேன். தென்னை நார் வந்தது. பிறகு கொக்கு அடிக்கிற பொடி ரவை ஒரு பிடி, அதன்பின் கரிக்குழம்பாக மருந்து. மகன் முகத்தில் ஈயாடவில்லை.

ராமலிங்கம் ரவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புலியச் சுட்டுட்டு மறுபடி போட்டு வச்சிருப்பாரு," என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "வெளியில சொல்லிடாதீங்க. தாத்தா பேரு கெட்டுடும்."

அந்தப் பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "நேத்து பொறி வந்திருந்தா, இத என்னைச் சுட்ட துப்பாக்கின்னு காட்டிட்டிருப்பீங்களா மாமா?"



தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாத்தா கதையைப் பிறகு கேளுங்கள், முதலில் கம்பியை விடுங்கள். அன்று நான் ஸ்பிரிங்கை முறுக்கவில்லை, கல்லையும் மாற்றவில்லை. ரிப்பேருக்கு வந்த பொருளைக் கெட்டது கெட்டபடியே, முழுத் திருப்தியோடு திருப்பிக் கொடுத்தேன்.